பங்கு வைக்க முடியாத கார்டு

அண்ணனுக்குக் கல்யாணம் ஆன மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு எல்லாமே இரண்டிரண்டாக வர ஆரம்பித்தன. அம்மா இட்லிக் குண்டான் வாங்கப் போனாள், இரண்டோடு திரும்பி வந்தாள். அப்பா ஒரு கட்டில் செய்யக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆசாரி வண்டியிலிருந்து ஒரே அளவில் இரண்டை இறக்கினார். பால்மாடு வாங்கியபோதும் இரண்டு, அதுவும் கன்று போட்ட கணக்கில்கூட ஒரே ஈத்து. யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூலாம்பாடிப் பக்கம் பிறந்தவனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால், நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்று பெற்றவர்கள் இப்படிச் சோடி சோடியாகச் சேர்த்து வைப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள். எனக்குத்தான் அந்த இரண்டாவது கட்டிலில் படுத்தால் தூக்கம் வரவில்லை.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினோம். ஆறு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் பிளைவுட் தடுப்பு, முன்னால் ஒரு பூப்போட்ட திரை. கீழேயிருந்து பூச்சிமருந்து வாடை நாள் முழுக்க ஏறி வரும். இன்டர்நெட் பார்க்க வருகிறவர்களைவிட விளையாட வருகிறவர்கள்தான் அதிகம். சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் விடுதிப் பையன்கள். அண்ணன் பாலிடெக்னிக் படித்தவன், எந்த மெஷினையும் பிரித்து மேய்ந்துவிடுவான். நான் டிகிரியைப் பாதியில் விட்டவன். நேரம் குறிப்பேன், சத்தம் போடுகிறவனை அதட்டுவேன், குடிதண்ணீர் கேன் தூக்குவேன். என் திறமை அதோடு சரி.

வேலை தெரியாததால் அவனை ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேலையைக் கற்றுக்கொள்ளலாம். எனக்கு அவன் வேண்டியிருந்தது, வேறொன்றுமில்லை. காலையில் ஒரே வண்டியில் ஊரிலிருந்து கிளம்பி வருவோம். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கடையில் ஆள் இருக்காது. அம்மா கொடுத்தனுப்பிய ஒரே தூக்குவாளியிலிருந்து இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு மெஷினில் உட்கார்ந்து கார் பந்தயம் ஓட்டுவோம். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து என்னைத் திட்டிக்கொண்டே ஓட்டுவான். வெளியே யாரிடமும் அதிர்ந்து பேசாதவன், அந்த இரண்டு மணி நேரம் மட்டும் வாய் ஓயாமல் திட்டுவான், சிரிப்பான். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

இரண்டாயிரத்து ஆறில் எங்களுக்கு எதிர்ச்சாரியில் ஒரு புது சென்டர் திறந்தார்கள். ஏ.சி. போட்டிருந்தார்கள், மானிட்டரெல்லாம் தட்டையாக இருந்தது. பையன்கள் கொத்துக் கொத்தாக அங்கே போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? அந்த வருடம் வந்த விளையாட்டுகள் எங்கள் மெஷினில் ஓடாது. ஓடினாலும் தேர் நகர்கிற மாதிரி நகரும். ஒருத்தன் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் எதிராளி அவனைச் சுட்டுவிட்டு டீயும் குடித்துவிட்டு வந்துவிடலாம். திரையில் படம் வரைகிற வேலையை மட்டும் தனியாகப் பார்க்கிற கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அது இல்லாத கடைக்கு இனி ஆள் ஏறி வராது என்று ஆகிவிட்டது. ஏழாவதாக ஒரு நல்ல மெஷின் கட்டுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அப்பா பருத்தி விற்ற காசைக் கொடுத்தார்.

அந்தக் காசுக்கு இரண்டு வழி இருந்தது. வலுவான கார்டு ஒன்று வாங்கலாம். இல்லாவிட்டால் அதே காசில் விலை குறைந்த கார்டு இரண்டு வாங்கலாம். ஒரே மதர்போர்டில் இரண்டு கார்டைப் பக்கத்துப் பக்கத்தில் செருகி, இரண்டுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு இணைப்பை மாட்டி, படம் வரைகிற வேலையைப் பகிர்ந்து கொடுக்கிற முறை அப்போதுதான் வந்திருந்தது. அண்ணனுக்கு அதைப் படித்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை. இன்டர்நெட்டில் கிடைத்ததையெல்லாம் எங்கள் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கரகரவென்று அடித்து எடுத்து, சாப்பிடும்போதுகூட மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு சேந்தா அந்த ஒண்ண வுட வேகம் ஜாஸ்திடா," என்றான். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடும். வேணாம்னா பிரிச்சு ரெண்டு மெஷின்ல போட்டுக்கலாம்."

அவன் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் எனக்குள் இறங்கியது.

அந்த யோசனை அவனுடையதுதானா என்று எனக்குச் சந்தேகம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் அப்பா அரியலூரிலிருந்து வந்திருந்தார். சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவர், நல்ல மனிதர், வந்தால் எனக்கும் சேர்த்து மிக்சர் பொட்டலம் வாங்கி வருவார். அரியலூரில் அவருக்கு ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு கடை இருந்தது, ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. வாடகைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து, இனிமேல் கடைக்கு எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கிவிடுங்கள் மாப்பிள்ளை, பின்னால் யாருக்கும் மனஸ்தாபம் வராது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினான். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

நான் இரண்டு கார்டை எதிர்த்தேன். எதிர்ப்பதற்கு நல்ல நல்ல காரணங்கள் கிடைத்தன. இரண்டு கார்டு என்றால் இரண்டு பங்கு சூடு. எங்கள் மாடியில் சித்திரை மாதம் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கே தலை சுற்றும். இரண்டுக்கும் கரண்ட் கொடுக்கிற அளவுக்கு எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளைப் பெட்டி வேண்டும், உள்ளூரில் கிடைப்பதெல்லாம் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் பாதிதான் தாங்கும். சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், எந்த விளையாட்டுக்கு இரண்டு கார்டையும் பயன்படுத்தத் தெரியவில்லையோ அதில் ஒன்று சும்மா கிடந்து சூடாகும். இதில் எதையும் நான் இட்டுக்கட்டவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பின்னாளில் ஒரு வலுவான கார்டுதான் மேல் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் சரி, அதில் ஒன்றுகூட என் காரணம் இல்லை.

என் காரணம் எங்கள் வயல்காட்டுக் கிணறு. அப்பாவும் சித்தப்பாவும் நான் பிறப்பதற்கு முன்பே பாகம் பிரிந்தவர்கள். நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், புளியமரத்தைக்கூட வெட்டி விலையைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றை என்ன செய்வது? அது மட்டும் பொதுவில் நின்றது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. பிறகு ஒரு வரப்புத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் நல்லது கெட்டது எல்லாம் நின்றுபோனது. ஆனாலும் சித்தப்பா தன் முறை நாளில் பொழுது சாய வரப்பில் வந்து நிற்பார். மோட்டாரை நிறுத்திவிட்டேன் அண்ணே, தண்ணீர் அரை ஆள் ஆழத்துக்குக் கிடக்கிறது என்பார். அப்பா சரிடா என்பார். வேறு பேச்சுக் கிடையாது, ஆனால் அது ஒரு நாளும் தப்பியதில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து காட்டில் விழுந்த அன்று, முறைக்கு ஆள் மோட்டார் போட வரவில்லையே என்று தேடி வந்து தூக்கியவர் சித்தப்பாதான்.

பிரிக்க முடியாதது ஒன்றாவது இருந்தால் அண்ணன் தம்பி அற்றுப்போக மாட்டார்கள். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் கண்டுபிடித்தது இது. எங்கள் கடைக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஒரே ஒரு கார்டு, விலை உயர்ந்தது, இரண்டு பேருக்கும் ஆசை உள்ளது, வெட்டவோ நிறுக்கவோ முடியாதது. அண்ணன் அரியலூருக்கே போனாலும் அவன் முறைக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்தால் உட்காருவான், சாப்பிடுவான், என்னைத் திட்டுவான். இருபத்திரண்டு வயதில், ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடாதவனுக்கு இது பெரிய ராஜதந்திரமாகத் தெரிந்தது. போகாதே என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டு ஆம்பளைகள் அப்படிப் பேசிப் பழகியதில்லை. மோட்டாரைப் பற்றிப் பேசுவோம், கார்டைப் பற்றிப் பேசுவோம்.

அண்ணன் மசியவில்லை. வாதம் செய்து அவனை ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் ஒரு காரியம் செய்தேன். நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் திருச்சிக் கடைக்கு, ஒரு ரூபாய் போன் பெட்டியிலிருந்து பேசினேன். நாளைக்கு நானும் அண்ணனும் வருவோம், இரண்டு கார்டு செருகுகிற மதர்போர்டு கேட்பான், இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். கடைக்காரர் ஏன் தம்பி என்றார். வீட்டுப் பிரச்சினை சார் என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

மறுநாள் திருச்சியில் எல்லாம் நான் சொன்னபடி நடந்தது. அண்ணன் மடித்து வைத்திருந்த பிரிண்ட் தாள்களைக் கவுன்ட்டரில் விரித்து, எந்த போர்டு, எந்த இணைப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைக்காரர் ஸ்டாக் இல்லை, சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு மாடிப்படிக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அண்ணன் தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான்.

"ஒண்ணே வாங்கிக்கலாம்டா," என்றான்.

அவ்வளவு சுலபமாக அவன் விட்டுக்கொடுத்தது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. பெரம்பலூர் வரும் வரை கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சமயபுரம் தாண்டும்போது, ஒரு பொய்தானே என்று கும்பிட்டுக்கொண்டேன்.

கார்டை மாட்டி, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி ஓடவிட்டோம். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரே வாரத்தில் எதிர்ச்சாரியிலிருந்து பையன்கள் திரும்பி வந்தார்கள். அங்கேதான் வினையும் வந்தது. வந்தவன் ஒவ்வொருவனும் அந்த ஒரு மெஷினைத்தான் கேட்டான். ஒருத்தன் விளையாட, ஏழு பேர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். மற்ற ஆறு மெஷினும் திரை விலக்கியபடி காலியாகக் கிடந்தன. கூட்டம் இருந்தது, எல்லாம் ஒரே நாற்காலியைச் சுற்றி. நின்று நின்று கால் வலித்தவன் எதிர்க்கடைக்குப் போனான். அங்கே வேகம் குறைவுதான், ஆனால் நான்கு மெஷினில் ஓடியது. அண்ணன் சொன்னபடி இரண்டு வாங்கி இரண்டு மெஷினில் போட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. அவன் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

எங்கள் மத்தியானப் பந்தயமும் கெட்டது. ஒருத்தனுக்கு அந்த மெஷின், இன்னொருத்தனுக்குப் பழையது என்றால் அது பந்தயமா? அண்ணன் புதியதை எனக்கு விட்டுவிட்டுப் பழையதில் உட்காருவான். நான் சுலபமாக ஜெயிப்பேன். நான்கு நாள் ஓட்டினோம். பிறகு சாப்பிட்டதும் அவன் கீழே போய் உரக்கடை வாசலில் பேப்பர் படிக்க ஆரம்பித்தான். அவனைக் கட்டிப்போட நான் வாங்கிய சாமானே அவனை மாடியிலிருந்து இறக்கிவிட்டது. அது தெரிந்தும் நான் அந்தக் கார்டை விடவில்லை. தினமும் காலையில் பெட்டியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். ஃபேன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் உடனே மெஷினை நிறுத்திப் பார்ப்பேன். அது ஓடுகிற வரைக்கும் அவன் இருப்பான் என்று எனக்குள் ஒரு கணக்கு.

அண்ணி முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்து அரியலூருக்குப் போனாள். அண்ணன் வாரத்துக்கு ஒருமுறை போனான், பிறகு இரண்டு முறை, பிறகு திங்கட்கிழமை காலையில் அங்கிருந்தே நேராகக் கடைக்கு வந்தான். அண்ணி மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை, யாரையாவது திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். குழந்தை பிறந்தது. பெண். பார்க்க அரியலூர் போனபோது அண்ணி குழந்தையை என் மடியில் போட்டு, சித்தப்பா பாரு என்றாள். எனக்குக் குழந்தையைப் பார்க்கத் தோன்றவில்லை, சன்னல் வழியே எதிரே தெரிந்த அவர்களுடைய அந்தப் பூட்டிய கடையைப் பார்த்தேன். பூட்டு புதியதாக இருந்தது, ஷட்டருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். பக்கத்தில் இருந்தவர் சிமென்ட் தூசி கண்ணில் விழுந்துவிட்டதா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

அப்போது ஊர் முழுக்க மாவட்டப் பேச்சாக இருந்தது. அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து ஒருமுறை பிரித்தார்கள், அடுத்த வருடமே சேர்த்தார்கள், இப்போது மறுபடி பிரிக்கப் போகிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் பேசினார்கள். மாவட்டத்துக்காவது நடுவில் ஒரு தடவை சேர்ந்திருக்கக் கிடைத்ததே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டாயிரத்து ஏழு, ஆவணி மாதம். ஊரில் நிலமும் வீடும் பிரித்து முடித்த பிறகு, அண்ணன் அரியலூரில் தனியாக சென்டர் போடுவது என்று முடிவாகி, கடையைப் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தாய்மாமா பெரம்பலூர் வந்தார், அண்ணியின் அப்பாவும் சாமான் ஏற்ற வேனோடு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் மூத்தவன் கூறு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அண்ணன் இரண்டு கூறு வைத்தான். மூன்று மெஷின் இந்தப் பக்கம், மூன்று மெஷின் அந்தப் பக்கம். எதில் எது நன்றாக ஓடும் என்று அவனுக்குத்தானே தெரியும். அவ்வளவு நியாயமாக வைத்திருந்தான், எடுப்பதற்கு எனக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. நாற்காலி, ஸ்டூல், வயர் சுருள் வரைக்கும் சமம். கார்டு உள்ள அந்த ஏழாவது மெஷின் மட்டும் எந்தக் கூறிலும் இல்லாமல் சுவரோரம் தனியாக நின்றது. ஒரு வருடமாக நான் காத்திருந்த இடம் அதுதான்.

மாமா அது யாருக்கு என்று கேட்டார்.

"அது பொதுவுல இருக்கட்டும் மாமா," என்றேன். "கெணறு மாரி. பதினஞ்சு நாளு இங்க, பதினஞ்சு நாளு அரியலூர்ல. நானே தூக்கிட்டுப் போயி மாட்டிட்டு வரேன்."

மாமாவுக்கு அது பிடித்திருந்தது. பிரிக்க முடியாததைப் பொதுவில் வைப்பது நம் வழக்கம்தானே என்றார். அண்ணியின் அப்பாகூட மறுக்கவில்லை, போக்குவரத்தில் கெட்டுப்போகாதா என்று மட்டும் கேட்டார். மடியில் வைத்துக்கொண்டு வருவேன், ஒரு ஆட்டம் ஆடாது என்றேன். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. போகிற நாளில் நானே தூசி தட்டித் தருகிறேன், அங்கே கூட்டம் அதிகமிருந்தால் நாள் கூட்டிக்கொள்ளலாம், எனக்கு மாதத்தில் ஐந்து நாள் போதும் என்று பேசிக்கொண்டே போனேன். அண்ணன் கையில் வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"கெணத்துல எறைக்க எறைக்கத் தண்ணி ஊறும்டா. இதுல என்ன ஊறும்? அடுத்த வருசம் இத வுட நல்லது பாதி வெலைக்கு வந்துரும்."

பிறகு மாமா பக்கம் திரும்பினான். "அத அவனே வச்சிக்கட்டும் மாமா. எனக்குப் பங்கு வேணாம்."

இப்படி ஒரு முடிவு இருக்கிறது என்பதே என் புத்திக்கு எட்டியிருக்கவில்லை. அவன் பாதி கேட்பான், நான் கொடுக்க மாட்டேன் என்பேன், சண்டை வரும், பொதுவில் வைப்பார்கள், இப்படித்தான் ஒரு வருடம் யோசித்திருந்தேன். எனக்கு வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு போ என்று கத்தினேன். அவன் வேண்டாம் என்றான். பாதியாவது எடுத்துக்கொள் என்றேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பங்குக்கு அடித்துக்கொள்கிறவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறாராம், இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் முதுகில் தட்டினார். அண்ணியின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. நான் அந்த மெஷினைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

அவர்கள் கீழே வேனைப் பார்க்கப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அண்ணன் தலை நிமிராமல் பேசினான்.

"திருச்சியில ரெண்டு ஸ்லாட் போர்டு இருந்துச்சுடா. நீ மூஞ்சி கழுவப் போனப்ப கடைக்காரரு எடுத்துக் காட்டிட்டாரு. மனசு கேக்கலைன்னாரு."

அப்புறம் ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணுதான் வேணும்னு தோணுச்சு. ஏன்னு தெரியல. வாங்கிட்டேன்."

ஏன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வந்திருக்காது. கடை காலியாக இருந்தது, அவன் ஒரு கை தூரத்தில் இருந்தான். அண்ணே, போவாத என்று சொன்னால் போதும். நான் கேபிளைச் சுற்றி முடிச்சுப் போட்டு, இது உன்னுடையது என்று அவன் கூறில் வைத்தேன்.

வேனில் முன்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது, அண்ணியின் அப்பா ஏறிக்கொண்டார். நான் ஊருக்குப் போய்வர வேண்டும் என்று அண்ணன் எங்கள் வண்டியையும் என்னிடமே விட்டுவிட்டான். அதனால் அவன் பஸ்ஸுக்கு நின்றான், நானும் கூடப் போய் நின்றேன். நிறுத்தத்தில் இருந்த கடையில் இரண்டு டீ வாங்கினான். கடை வாடகையைப் பகிர ஆள் சேர்த்துக்கொள், விடுதிப் பையன்களுக்குக் கடன் கொடுக்காதே, யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் தலையாட்டினேன். அவனிடம் கோபம் இருக்கிறதா என்று முகத்தைத் தேடிப் பார்த்தேன். கோபம் இருந்தால் அதைத் தீர்க்கவாவது ஒருநாள் வருவான். ஒன்றுமே இல்லை. தெளிவாக இருந்தான், கொஞ்சம் களைத்திருந்தான், குழந்தையைப் பார்க்கப் போகிற அவசரம் தெரிந்தது. பங்கு கேட்டு என்னிடம் மல்லுக்கட்டியிருந்தால் எனக்கு அண்ணன் மிச்சமிருந்திருப்பான்.

அரியலூர் பஸ் வந்தது. கிளாஸை வைத்துவிட்டு டீக்கடைக்காரரிடம், போயிட்டு வரேங்க என்றான். படியில் ஒரு காலை வைத்து, திரும்பி என்னிடமும் போயிட்டு வரேன் என்றான். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னான், சிரித்த முகமாக, எதையும் பாக்கி வைக்காமல்.